சுவர் தெரிகிற வீடு

செப்டம்பர் 3, புதன்

பால் தண்ணீராக இருந்தது. பால்காரரிடம் சொன்னேன். “மாடு மழையில நனைஞ்சிட்டும்மா” என்றார். மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

பத்து மணி வாக்கில் ஆறுமுகநயினார் வந்தார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் காலனிச் சங்கத்துக்குச் செயலாளர். உட்காரும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார். கீழ வரிசையில் உள்ள ஆறு வீடுகளுக்கும் முன்னால் மரமும் செடியும் நட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் சிறையை மறைத்துவிடப் போகிறார்களாம். வாசலிலிருந்து சாலை வரை உள்ள நிலம் அவரவர் மனையைச் சேர்ந்தது. ஆகையால் ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும். ஐந்து பேர் சம்மதித்தாயிற்று. என்னுடையது மூலை மனை, எல்லாவற்றிலும் நீளமானது. “நீங்க விட்டுட்டீங்கன்னா முன்பல்லு விழுந்த மாதிரி இருக்கும்மா” என்றார். எழுபத்து நான்கு வயதுக்காரியிடம் பேசுகிறோம் என்ற நினைவு அவருக்கு இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

என் கணவர் ஞானப்பிரகாசத்தைக் கொன்றவன் அந்தச் சுவருக்குள் ஆயுள் தண்டனையில் இருக்கிறான். தீர்ப்பு வந்த மறு வருஷம் பழைய வீட்டை விற்று இந்த வீட்டை வாங்கினேன். ஜெயிலுக்கு எதிரே என்பதால் விலை குறைவு என்று காலனியில் நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். காலையில் மாடிக்குப் போய், அந்தச் சுவரையும் அதன் மூலையில் நிற்கும் காவல் கோபுரத்தையும் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி. சுவர் நிற்கிறது, அவன் உள்ளே இருக்கிறான். அந்த நாளுக்கு அது போதும்.

அதன் முன்னால் மரம் நட நான் சம்மதிப்பேனா?

செப்டம்பர் 7, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சங்கக் கூட்டம். ஆறுமுகநயினார் வீட்டுக் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். என்னுடையதற்கு ஒரு கால் குட்டை. மாற்றச் சொல்லி மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். வீட்டை விலைக்குக் கேட்க வருகிறவன் கீழே இருக்கும்வரை சிரித்துப் பேசுகிறானாம், மாடி ஏறியதும் முகம் மாறிவிடுகிறதாம். அவருடைய மனைவி, “கொடியில துணி போட முடியல. அவனுவ எல்லாம் பாக்கானுவ” என்றாள்.

“அத்தாம்பெரிய செவத்துக்கு மேல எப்படிப் பாப்பான்? கோபுரத்துல நிக்கவன் போலீஸ்காரன்லா” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“போலீஸ்காரன் பாத்தா மட்டும் நல்லாவா இருக்கு?”

மரம் வைத்தால் பாம்பு வரும் என்றார் ஒருவர். பாம்பெல்லாம் எதிர்த்தாற்போல்தானே அடைத்து வைத்திருக்கிறது என்றார் இன்னொருவர். சிரிப்பு. சருகு யார் கூட்டுவது என்று கால் மணி நேரம் பேசினார்கள்.

பிறகு தங்கபுஷ்பம் எழுந்தாள். என் அடுத்த வீட்டுக்காரி, என்னைப் போலவே கணவனை இழந்தவள். மற்றபடி எங்களுக்குள் ஒற்றுமை எதுவும் இல்லை. மகள் நாகஜோதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“ரெண்டு இடம் தட்டிப் போச்சு. போன மாசம் வந்தவிய கேசரி சாப்பிட்டாவ, பூ வைக்கிற நாள் வரைக்கும் பேசியாச்சு. மாப்பிள்ளையப் பெத்தவ காத்து வாங்கணும்னு மாடிக்குப் போனா. எறங்கி வந்தவ, ‘ஜெயிலுக்கு எதுத்தாப்புல பொண்ணெடுத்தோம்னு எங்க ஊர்ல சொல்லிக் காட்டுவாவ’ன்னுட்டு செருப்பைப் போட்டுட்டா.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று பேசினேன். உட்கார்ந்துகொண்டு பேசுவது நான் படித்த கான்வென்ட்டில் வழக்கமில்லை. நீங்கள் வைக்கப் போவது புங்க மரம். புங்கு நல்ல நிழல் தரும். நிழல் இருந்தால் கைதிகளைப் பார்க்க வருகிற கூட்டம் நம் வாசலில் வந்து உட்காரும். சுவரை மறைக்கப் போய் ஜெயிலின் சனங்களை வீட்டுக்கு அழைப்பீர்கள் என்றேன்.

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வருவதற்கு இங்கே மனு பார்ப்பது என்று பெயர். இன்று மனு நாள். சிறைக் கேட்டுக்கு வெளியே நல்ல வெயில். ஒருத்தி கைக்குழந்தையோடு என் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்று தண்ணீர் கேட்டாள். குழாயில் வரவில்லை என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. உடனே பின்பக்கம் போய்க் குழாயின் வால்வை மூடினேன்.

செப்டம்பர் 10, புதன்

புங்கு வேண்டாமாம், நெட்டிலிங்கம் வைக்கிறார்களாம். ஒட்டடைக் கம்பு போல மேலே போகும், நிழலே விழாது, அடியில் அரளி வைத்தால் இடுக்கு தெரியாது என்று ஆறுமுகநயினார் கேட்டருகில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அரளி விஷம் என்றேன். “நம்ம யாரும் திங்கப் போறதில்லையேம்மா” என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தங்கபுஷ்பம் மகளையும் அழைத்துக்கொண்டு முந்திரிக்கொத்துடன் வந்தாள். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

“அக்கா, நெட்டிலிங்கத்துல நெழல் கெடையாது. இன்னும் என்னக்கா சங்கடம்?”

சங்கடம் எனக்கில்லை, விருப்பம் இல்லை, அவ்வளவுதான் என்றேன்.

“உங்களுக்கு என்ன, பிள்ளை பெங்களூர்ல நல்லா இருக்காவ. எனக்கு இந்த வீடும் இவளும்தான். இவளுக்கு வயசு இருபத்தொம்பது ஆவுது.”

“வயசை எல்லாத்துக்கும் சொல்லணுமாம்மா?” என்றாள் நாகஜோதி. ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் பெண். நேராக நிற்கிறாள், அது எனக்குப் பிடிக்கும்.

தங்கபுஷ்பம் கேட்கவில்லை. “அந்தச் செவத்துல அப்படி என்னத்தக்கா பாக்கீங்க? நானும் தெனம் துணி காயப்போடும்போது பாக்கேன். கோயில்ல நிக்க மாதிரி நிக்கீங்க.”

காற்று வாங்குகிறேன் என்றேன்.

“ஆச்சிக்கு விருப்பமில்லன்னா விடுங்கம்மா, கெஞ்சாதீங்க” என்று நாகஜோதி தாயின் கையைப் பிடித்தாள்.

ஆச்சி என்று என்னைக் கூப்பிடக் கூடாது, ஆன்ட்டி என்று சொல் என்று அவளுக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். இன்று சொல்லவில்லை.

தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முந்திரிக்கொத்தில் வெல்லம் கூடுதல்.

செப்டம்பர் 17, புதன்

அவர் இறந்த நாள். காலைப் பூசையில் அவர் பெயரை வாசித்தார்கள். புதுச் சாமியார் ‘ஞானபிரகாசம்’ என்று வாசித்தார். பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னறையான சக்ரீஸ்துக்குப் போய், இடையில் ஒற்று உண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் தபால் இலாகாவில் கண்காணிப்பாளராக இருந்தவர். யாரிடமும் கடிந்து பேசத் தெரியாது. எங்கள் பழைய வீட்டின் முன்னறையை அவனுக்குச் சைக்கிள் கடைக்கு விட்டிருந்தோம். வாசற்படி முழுவதும் கிரீஸ். செபமாலை சொல்லும் நேரத்திலும் சுத்தியல் சத்தம். காலி செய்யச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு முறை போய், இரண்டு முறையும் அவனோடு டீ குடித்துவிட்டு வந்தார். மூன்றாம் முறை நான் கதவருகில் நின்றுகொண்டு, இன்று சொல்லாமல் உள்ளே வராதீர்கள் என்றேன்.

சொல்லிவிட்டார். அவன் கையில் ஸ்பானர் இருந்தது.

காலி செய்யச் சொன்னது நியாயம். வாடகைக்கு இருப்பவன் ஒழுங்காக இருக்க வேண்டும். கோர்ட்டிலும் இதையே சொன்னேன்.

மன்னிக்க வேண்டும் என்று கோயிலில் சொல்கிறார்கள். கர்த்தர் கற்பித்த செபத்தில் ‘நாங்கள் மன்னிப்பதுபோல’ என்ற இடம் வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். சத்தமாகப் பொய் சொல்வதற்கு அது மேல்.

செப்டம்பர் 20, சனி

ஐந்து வீட்டாரும் சம்மதத் தாளில் கையெழுத்திட்டு அதை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேசைமேல் கிடக்கிறது.

நாளை கோயிலில் தேவசகாயத்திடம் பேச வேண்டும். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், சிறையில் தலைமை வார்டர். மரம் வளர்ந்தால் கைதி தப்புவதற்கு வசதி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் பயந்துவிடுவார்கள். இத்தனை வருஷம் அவரிடம் சிறையைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டிவரும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

பூசை முடிந்து தேவசகாயம் ஸ்கூட்டரை எடுக்கும்போது நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானம்மா வைக்காங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. சூப்பிரண்டு ஐயாவே சரின்னுட்டாங்க. கன்னுகூட எங்க நர்சரியில இருந்துதான் குடுக்கோம். உள்ள கைதிங்க வளக்கிறது.”

உள்ளே இருப்பவர்கள் என்ன மணியடிக்கிற கோவில்பிள்ளைகளா, கொலை செய்தவர்கள் இல்லையா என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. குற்றாலிங்கத்தைப் போன்றவர்களை நம்பி நாங்கள் எப்படித் தூங்குவது என்று கேட்டுவிட்டேன். கோர்ட்டுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது இன்றுதான்.

“குற்றாலிங்கமா? சைக்கிள் கடைக்காரன்? அவன் போயி அஞ்சாறு வருசமாச்சேம்மா.”

செத்துவிட்டானா என்றேன்.

“சேச்சே. விடுதலை. நன்னடத்தையில விட்டாங்கள்லா, அந்தக் கூட்டத்துல அவனும் ஒருத்தன். நல்ல உழைப்பாளிம்மா. அந்த நர்சரியை உண்டாக்குனதே அவன்தான். வெறும் கல்லா கெடந்த எடம். அவன் போட்ட பாத்தியிலதான் இன்னைக்கும் கன்னு எடுக்கோம்.”

யாரைக் கேட்டு விட்டீர்கள் என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். கோயிலுக்குள்ளிருந்து வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சும்மா விட மாட்டாங்கம்மா. செத்துப்போனவரு வீட்டுல போயி அதிகாரி விசாரிப்பாரு. அவங்க என்ன சொல்லுதாங்கன்னு எழுதித்தான் மேல அனுப்புவாங்க. ஆமா, அவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பழைய ஊர்க்காரன் என்றேன்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் சாதம் வைக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

என் வீட்டுக்கு யாரும் வந்து விசாரிக்கவில்லை. பிறகு எந்த வீட்டில் விசாரித்தார்கள்?

மகன் எட்வின் ஞாயிறுதோறும் அவனாகக் கூப்பிடுவான். இன்று திங்கள்கிழமை ஆபீஸ் நேரத்தில் நான் கூப்பிட்டேன். பயந்துபோய், “உடம்புக்கு என்னம்மா?” என்றான். கேட்டேன்.  நாற்காலியை நகர்த்தி, கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“ஆமாம்மா. பழைய வீட்டுக்குப் போய் விசாரிச்சு, அங்கிருந்து என் நம்பரை வாங்கிட்டு வந்தாங்க. ஆட்சேபணை இல்லைன்னு சொன்னேன்.”

யாருக்காகச் சொன்னாய் என்றேன்.

“எனக்காகத்தான். எனக்கும் அவர் அப்பாதானே. அவன் அங்க கெடந்து சாகிறதால எனக்கு என்னம்மா கிடைக்கப் போகுது?”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அவன் எந்த ஊர்ல இருக்கான்னு தேடிப் பிடிச்சு, அங்க எதிர்வீட்டை வாங்கியிருப்பீங்க.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அம்மா, அவன் போனது தெரிஞ்சா அந்த வீட்டுல உங்களுக்கு என்ன இருக்கு? அந்தச் சுவராவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். தப்புன்னா திட்டுங்க. ஒரு தடவை அழுதிடுங்கம்மா. அப்பா போனதுல இருந்து நீங்க அழுது நான் பார்த்ததே இல்லை.”

அவனுக்கு ஆபீஸ் வேலை இருக்கும் என்று சொல்லி போனை வைத்தேன். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தேன். பிரித்து மீண்டும் மடித்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மாடிக்குப் போகவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

போனேன். சுவர், கம்பி, கோபுரத்தில் ஒரு போலீஸ்காரன். அவன் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். இதற்கு முன்னால் நின்றுதான் இத்தனை வருஷம் என் காப்பியை ஆறவிட்டிருக்கிறேன். விடுதலையானவன் எங்கோ ஓர் ஊரில் சூடாகக் குடித்திருப்பான்.

தங்கபுஷ்பம் அவள் மாடியிலிருந்து, “அக்கா, ரெண்டு நாளாக் காணலியே, சொகமில்லையா?” என்று கேட்டாள். நல்ல சுகம் என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எட்வின் நான்கு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கூட்டத்துக்கு நானே போனேன். சம்மதம் என்று சொன்னேன். மூன்றாம் வீட்டுக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு நிபந்தனை சொன்னேன். சிறை நர்சரியிலிருந்து ஒரு கன்றும் வரக் கூடாது. வேறு எங்கிருந்து வாங்கினாலும் சரி.

“எதுக்கும்மா? அங்க பக்கத்துலயே கெடைக்கு, நல்ல கன்னு” என்றார் ஆறுமுகநயினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கைதி கை பட்டதுன்னு பாக்கீங்களோ?” என்றார்.

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பின்னால் யாரோ, “கான்வென்ட்டுல படிச்சா இப்படித்தான், தொட்டாச் சிணுங்கி” என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் வழியில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “என் பிள்ளைக்காக மனசு எறங்கிட்டீங்களே அக்கா. நான் உங்களை என்னல்லாமோ நெனச்சிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க.”

அவளுடைய மகளை நான் நினைக்கவே இல்லை. அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் கண்ணீர் என் சேலையில் பட்டுவிட்டது. வந்ததும் துவைத்துப் போட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தை மாதம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வரலாம் என்கிறார்களாம். “அதுக்குள்ள மறைஞ்சிருமாக்கா?” என்று தங்கபுஷ்பம் கேட்கிறாள். மரம் என்றால் திரைச்சீலை என்று நினைத்திருக்கிறாள். மூன்று வருஷமாவது ஆகும் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

“மாப்பிள்ளைக்கு அம்மைய மாடிக்கு விடாம இருந்தாப் போதும்” என்றாள் நாகஜோதி. “இல்லாட்டி நானே கூட்டிட்டுப் போய்க் காட்டிருதேன். பயப்படுதவன் எனக்கும் வேண்டாம்.”

தாய்க்காரி அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஐந்து வீட்டிலிருந்தும் பலகாரம் வந்தது. இதற்கு முன் இரண்டு வீட்டிலிருந்துதான் வரும்.

ஆறுமுகநயினார் தயங்கித் தயங்கிச் சொன்னார். வனத்துறையில் நெட்டிலிங்கம் தீர்ந்துவிட்டது, தேக்குதான் இருக்கிறதாம். தனியார் நர்சரியில் இருப்பதெல்லாம் முழங்கால் உயரக் குச்சியாம். “பேசாம அடுத்த மழைக்கு வச்சிக்கிடலாமாம்மா?”

கூடாது, இந்த மழையிலேயே நட்டாக வேண்டும் என்றேன். நான் இன்னொரு வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாடிக்குப் போகாமல் இருந்தால் சமையலறை ஜன்னலில் தெரிகிறது. ஜன்னலை மூடினால் புகை.

“ஒரு மாசத்துக்கு முன்ன வேண்டவே வேண்டாம்னீங்க” என்றார்.

ஆமாம் என்றேன்.

 “சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்” என்று எழுந்து போனார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். எட்வின் சொல்லாமல் காரில் வந்து நின்றான். பழைய ஊருக்குப் போய் அவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. அவன் குனிந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

திரும்பும்போது, “ஏதாவது சொல்லுங்கம்மா” என்றான்.

சீட் பெல்ட்டைப் போடு என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று நல்ல மழை. மண் இளகியிருக்கிறது.

விடிந்ததும் மாடிக்குப் போனேன். கொடிக்கம்பி தளர்ந்திருந்தது, அதை இறுக்கத்தான். எதிரே சிறையின் பக்கவாட்டுக் கேட் திறந்தது. ஒரு மினி வேன் வெளியே வந்தது, மேலே தார்ப்பாய், ஓரத்தில் பச்சை இலைகள். சாலையைக் கடந்தால் எங்கள் காலனி. வேன் கடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் போய்விட்டது. கேட்டருகே தேவசகாயம் நின்று, அது போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் குளித்து, செபம் சொல்லி, காப்பி குடித்து, பாத்திரத்தையும் கழுவி வைத்த பிறகு அதே வேன் காலனியின் மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்தது. முன்சீட்டில் ஆறுமுகநயினார்.

“தென்காசிப் பக்கம் ஒரு நர்சரிம்மா. சொல்லி வச்சு வரவழைச்சேன். ராத்திரியே கெளம்பி வந்திருக்கான் பாவம்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் வேறு பக்கம் பார்த்தான். அவன் சட்டைக்குக் கீழே காக்கிப் பேன்ட்.

தூரம்தான், சிரமப்பட்டிருப்பீர்கள் என்றேன்.

எல்லோரும் கூடிவிட்டார்கள். மூத்தவர் என்று முதல் கன்றை என்னிடம் கொடுத்தார்கள். நாகஜோதி கூடவே குனிந்து குழியைக் காட்டினாள். ஒன்றுக்கொன்று ஐந்தடி விட வேண்டும் என்றார் ஆறுமுகநயினார். என் சமையலறை ஜன்னலுக்கு நேரே மட்டும் நெருக்கி வையுங்கள் என்றேன். நெருக்கினால் வளர்ச்சி குறையுமே என்றார். பரவாயில்லை என்றேன். தங்கபுஷ்பம் குலவையிட்டாள். மரத்துக்கு யாராவது குலவையிடுவார்களா?

எல்லோரும் போன பிறகு ஒவ்வொரு கன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். பையைக் கிழித்தபோது வேர்மண் உதிரவில்லை. தண்டு வளையவில்லை. இலையின் அடியில் பூச்சி இல்லை. எல்லாம் ஒரே உயரம். ஒன்றையும் குறை சொல்ல முடியவில்லை. தேடித்தான் பார்த்தேன்.